கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யைக் குணப்படுத்தும் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது உண்மையா?

#1 கரூர் கதிர்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 27 வயது. போன மாதம் அவன் அலுவலகத்தில் நடந்த ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தான். பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து அழைத்து நேரில் வரச் சொன்னார்கள். ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், அதாவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதாம். அவனுக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. கண்ணில் மஞ்சள் இல்லை, பசி நன்றாக எடுக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிரிக்கெட் ஆடுகிறான்.

அம்மா மறுநாள் காலையே ஆரம்பித்துவிட்டார். வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது, உப்பில்லாப் பத்தியம், எண்ணெய் கிடையாது. தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறான். நான் ஏதாவது சொன்னால், நாட்டு மருந்துக் கடையில் கொடுத்த லேமினேட் செய்த ஒரு தாளை எடுத்து நீட்டுகிறார்: "சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு, நோபல் பரிசு விஞ்ஞானி, லான்செட் 1988, 59 சதவீதம் குணம்." கடைக்காரர் அடித்துவிட்ட கதையா, உண்மையிலேயே அப்படி ஒரு ஆய்வு இருக்கிறதா? தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் வீட்டில் பதற்றம் அதிகம்.

#2 தேங்காய்பட்டணம்

எங்கள் தாத்தா காலத்திலிருந்து மஞ்சள் காமாலைக்கு இதுதான் மருந்து. எனக்கே பத்தாவது படிக்கும்போது வந்தது. மூத்திரம் கட்டங்காப்பி மாதிரி போனது. மூன்று வாரம் கீழாநெல்லிதான், சுத்தமாகச் சரியாகிவிட்டது. கண்ணால் கண்டதற்கு லான்செட் எதற்கு?

#3 பழைய லேப்காரன்

கதிர் தம்பி, அந்தத் தாளில் இருப்பது பொய் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கட்டுரை வந்தபோது எங்கள் கூடத்தில் ஒரே பேச்சு. சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறையின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையக் குழுவும் சேர்ந்து எழுதியது. அந்தப் பக்கத்து ஆள் பரூக் ப்ளம்பர்க். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

அவர் வைரஸைத் தேடிப் போனவரே இல்லை. ஊர் ஊராகப் போய் ரத்தம் சேகரித்து, ஒரு சமூகத்துக்கும் இன்னொரு சமூகத்துக்கும் ரத்தப் புரதத்தில் என்ன வேறுபாடு என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவரின் சீரம் (செல்கள் நீங்கிய ரத்தத் தெளிநீர்), ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு வினைபுரிந்து ஜெல்லில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. 1963-ல் நடந்தது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள். அது என்ன என்று பிடிபடவே இன்னும் சில வருடம் ஆயிற்று. அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு 1967-ல் உடம்பு சோர்ந்துபோனது. சந்தேகப்பட்டு அவரே தன் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார். கோடு விழுந்தது. கொஞ்ச நாளில் கண் மஞ்சளானது. உங்கள் தம்பிக்கு ரத்த வங்கியில் செய்தார்களே, அந்தப் பரிசோதனையின் கொள்ளுப்பாட்டி அந்தக் கோடுதான். லேப்காரன் என்பதால் இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் பெருமை, மன்னிக்கவும்.

சரி, கீழாநெல்லிக்கு வருவோம். அந்தக் குழு முதலில் செடிச் சாற்றைச் சோதனைக் குழாயிலும் வுட்சக் என்கிற விலங்கிலும் பார்த்தது. அமெரிக்காவில் வளை தோண்டி வாழும் கொறிணி அது. பார்க்கப் பெருத்த அணில் மாதிரி இருக்கும். அதற்கும் நம் பி வைரஸின் பங்காளி ஒன்று வரும். 1987-ல் வந்த அந்த முடிவு நன்றாகவே இருந்தது. ஆனால் சாற்றை வயிற்றறைக்குள் ஊசியால் ஏற்றினார்கள். மோரில் கலக்கிக் குடிக்கக் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம்தான் சென்னை ஆய்வு. காய்ச்சல், மஞ்சள் எதுவும் இல்லாமல் வைரஸை மட்டும் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு, அதாவது உங்கள் தம்பி மாதிரி ஆட்களுக்கு, காயவைத்துப் பொடித்த செடி 30 நாள் கொடுக்கப்பட்டது. இன்னொரு கூட்டத்துக்கு வெற்று மருந்து, அதாவது மருந்துச் சத்தே இல்லாத போலி. மருந்து முடிந்து 15-20 நாளில் ரத்தம் பார்த்தால், செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி காணாமல் போயிருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் போயிருந்தது. 37-ல் 22 என்றால் 59 சதவீதம். கடைக்காரர் தாளில் இருக்கும் எண் இதுதான்.

இப்போது லேப்காரன் கண்ணோடு பாருங்கள். ஒரு பக்கம் 37, மறுபக்கம் 23. ஏன் இவ்வளவு வித்தியாசம்? கடைசிப் பரிசோதனைக்குத் திரும்பி வராதவர்கள் எந்தப் பக்கம் அதிகம், அவர்களுக்கு என்ன ஆயிற்று? அடுத்தது, வெற்று மருந்திலேயே 23-ல் ஒருவருக்குப் போயிருக்கிறது. வைரஸை நாள்பட்டுச் சுமக்கும் கேரியர்களுக்கு ஹெச்பிஎஸ்ஏஜி தானாகப் போவது வருடத்துக்கு நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில்தான். இங்கே இரண்டு மாதத்துக்குள் 23-ல் ஒன்று. சின்னக் கூட்டத்தில் ஒன்று என்பது தற்செயலாகவும் இருக்கலாம், சேர்த்துக்கொண்டதில் சிலர் புதிதாகத் தொற்றியவர்களாகவும் இருந்திருக்கலாம். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றில் 90-95 பேருக்குத் தானாகவே போய்விடும். எழுதியவர்களே அதை 'முதற்கட்ட ஆய்வு' என்றுதான் சொன்னார்கள். கடைத் தாளில் அந்தச் சொல் இருக்காது, பந்தயம் கட்டுகிறேன்.

#4 கரூர் கதிர்

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள் ஐயா. இல்லை.

#5 சித்தன்போக்கு

சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். முடித்து ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லேப்காரர் ஐயா நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் மறுபக்கமும் இருக்கிறது.

கீழாநெல்லி என்று நாம் பிடுங்குவது எந்தச் செடி? நம் ஊர்ச் செடியைப் பல காலம் 'பைலாந்தஸ் நிருரி' என்று எழுதிவந்தார்கள். உண்மையான நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வரப்பில் முளைப்பது பெரும்பாலும் 'அமாரஸ்'. அதோடு ஒட்டியே தண்டு சிவந்த 'யூரினேரியா'வும் முளைக்கும். சந்தையில் கட்டு கட்டாக வருவதில் எல்லாம் கலந்திருக்கும். மண், மழை, பறித்த மாதம், நிழலில் காயவைத்ததா வெயிலில் காயவைத்ததா என்பதைப் பொறுத்துச் சத்து மாறும். பிறகு தாய்லாந்திலும் ஓர் ஆய்வு நடந்தது. அங்கே வளர்ந்த செடியைத் தாய்லாந்துக்காரர்களுக்குக் கொடுத்து 'வேலை செய்யவில்லை' என்றால் சென்னைச் செடி தோற்றதாக ஆகுமா?

அலோபதியில் ஒரு மாத்திரை என்றால் இத்தனை மில்லிகிராம் மூலப்பொருள் என்று அளந்து வைத்துவிடுகிறார்கள். மூலிகைக்கு அந்த அளவுகோலை ஒழுங்காகப் போடாமலே பரீட்சை வைத்து ஃபெயில் போட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

#6 நுண்ணுயிரி நாச்சியார்

சித்தன் அண்ணா, செடி வேறுபாடு பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதிலிருந்து வரும் முடிவில்தான் எனக்குச் சண்டை. (முனைவர் பட்ட மாணவி, வைரஸ்தான் பாடம், பி இல்லை, அதன் பக்கத்து வீட்டு வைரஸ்.)

1990-ல் தாய்லாந்து ஆய்வு அதே லான்செட்டில் வந்தது: அறிகுறி இல்லாத கேரியர்களிடம் அமாரஸ் ஹெச்பிஎஸ்ஏஜி-யைப் போக்கவில்லை. 1994-ல் நியூசிலாந்திலும் அதே கதை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2011-ல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. வெற்று மருந்தோடு ஒப்பிட்டால் பலன் இருப்பதாக நம்பும்படியான ஆதாரம் இல்லை. ஆங்கில மருந்தோடு சேர்த்துக் கொடுத்த சில ஆய்வுகளில் வைரஸ் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்த மாதிரி தெரிந்தது, ஆனால் அந்த ஆய்வுகள் நடத்தப்பட்ட விதமே சந்தேகத்துக்கு இடமானது என்று முடித்தார்கள்.

செடிக்குச் செடி இவ்வளவு மாறும் என்றால், கதிர் அண்ணாவின் அம்மா இன்று காலை அரைத்தது எந்தச் செடி? தோற்ற ஆய்வுகளைத் தள்ளிவைக்க இந்த வாதம் உதவுகிறது என்றால், கடையில் விற்கும் பொடியையும் அதே வாதம் தள்ளிவைக்க வேண்டாமா?

இந்த வைரஸை விரட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கல்லீரல் செல்லுக்குள் நுழைய ஒரு கதவைப் பயன்படுத்துகிறது. பித்த உப்பை உள்ளே இழுக்க நம் செல் வைத்திருக்கும் என்டிசிபி என்கிற புரதம்தான் அந்தக் கதவு. வைரஸைக் கண்டுபிடித்து ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2012-ல்தான் பெய்ஜிங்கில் அதைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே போனதும் வைரஸ் தன் டிஎன்ஏ-வை ஒரு வளையமாக மூடி, செல்லின் உட்கருவுக்குள் வைத்துவிடுகிறது. வீட்டுச் சாவியை நகல் எடுத்துப் பரணில் ஒளித்துவைத்த மாதிரி. இன்று கொடுக்கும் டெனோஃபோவிர், என்டகாவிர் எல்லாம் புதுப் பிரதி எடுப்பதைத்தான் தடுக்கும், பரணில் இருப்பதைத் தொடாது. அதனால்தான் மருந்தை நிறுத்தினால் பலருக்கு வைரஸ் திரும்ப எழுகிறது. ஹெபடைடிஸ் சி-க்கு இந்த வளையம் கிடையாது. அதனால்தான் அதை 12 வாரத்தில் மாத்திரையால் அடியோடு ஒழிக்க முடிகிறது. பெயரில்தான் இரண்டும் அண்ணன் தம்பி, பிறந்த குடும்பமே வேறு.

உலகம் முழுக்க இந்த வளையத்தின் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் 59 சதவீதம் என்பது 1988-ல் மட்டும் இல்லை, இன்றைக்கும் எந்த மருந்தும் எட்டாத எண். அப்படி ஒன்று நம் வரப்பில் இருந்தால் முதலில் குதிக்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

#7 தேங்காய்பட்டணம்

எனக்கு மட்டும் எப்படிச் சரியானது? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

#8 பழைய லேப்காரன்

உங்களுக்கு வந்தது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ, இல்லாவிட்டால் ஈ. இரண்டும் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது. ஏ ஒருபோதும் நாள்பட்டதாகத் தங்காது, ஈ-யும் பொதுவாகத் தங்குவதில்லை. மூன்று நாலு வாரத்தில் உடம்பே துரத்திவிடும். கீழாநெல்லி சாப்பிட்டவரும் எழுந்தார், சாப்பிடாதவரும் எழுந்தார். 'மஞ்சள் காமாலை' என்ற ஒரே பெயரில் ஐந்தாறு நோய்களை நாம் கட்டிவைத்திருக்கிறோம், அங்கேதான் குழப்பம். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சள்தான்.

வைத்தியம் தெரிந்தவர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்தது. 1955-56-ல் டெல்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. எல்லோரும் ஏ என்றே நினைத்தார்கள். அப்போது எடுத்து உறையவைத்திருந்த ரத்த மாதிரிகளை 1980 வாக்கில் எடுத்துச் சோதித்தபோதுதான் அது ஏ இல்லை என்று தெரிந்தது. இன்று அதை ஈ என்கிறோம். கால் நூற்றாண்டு அந்தச் சீசாக்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாரே ஒருவர், அவருக்குத்தான் நான் கும்பிடு போடுவேன். எங்கள் கூடத்தில் ஃப்ரிட்ஜில் இடம் இல்லை என்று ஆறே மாதத்தில் கொட்டிவிடுவோம்.

ஈ-யைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வந்தால் உயிரையே எடுத்துவிடலாம்.

#9 மூலிகை மணி

கீழாநெல்லி வேண்டாம், சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்துக் கொடுங்கள். எதிர்ப்புச் சக்தி எகிறும். கல்லீரலுக்கு அமிர்தம்.

#10 நுண்ணுயிரி நாச்சியார்

தயவுசெய்து வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதித்து வந்த நோயாளிகளைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் கட்டுரையே எழுதினார்கள். ஏற்கெனவே வைரஸ் உட்கார்ந்திருக்கும் கல்லீரலில் 'எதிர்ப்புச் சக்தி எகிறுவது' நல்ல செய்தி இல்லை. பி நோயில் கல்லீரலைக் கெடுப்பதே பெரும்பாலும் நம் எதிர்ப்புச் சக்திதான். வைரஸ் நேரடியாகச் செல்லைக் கொல்வதில்லை, வைரஸ் இருக்கும் செல்லை நம் படைதான் கொல்கிறது.

#11 சித்தன்போக்கு

சீந்தில் விஷயத்தில் நாச்சியார் பக்கம்தான் நான். அந்தச் சீந்தில் எந்தச் செடி என்ற என் பழைய பாட்டை இங்கேயும் பாடத் தோன்றுகிறது, விட்டுவிடுகிறேன்.

கதிர், ஒன்று சொல்கிறேன். என்னிடம் ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வருபவர்களை நான் முதலில் அனுப்புவது ரத்தப் பரிசோதனைக்குத்தான். மருந்து எது என்பதை அப்புறம் பேசலாம். தம்பிக்கு வேறு என்ன பார்த்தீர்கள்?

#12 கரூர் கதிர்

இன்றுதான் எல்லா ரிப்போர்ட்டும் கைக்கு வந்தது. கல்லீரல் பாதித்தால் ஏறும் எஸ்ஜிபிடி 26, இயல்பு. வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் ஹெச்பிஇஏஜி நெகட்டிவ். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் டிஎன்ஏ வைரல் லோடு 740, குறைவுதான். ஸ்கேனில் கல்லீரல் இயல்பு. டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மருந்து தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும், குடிப்பழக்கம் கூடாது என்றார். உப்பில்லாப் பத்தியம் இருப்பதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "பையனை ஒழுங்காகச் சாப்பிட விடுங்கம்மா" என்றார். கல்யாணம் பண்ணலாம், பெண்ணிடம் மறைக்காமல் சொல்லி அவளுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்றார். தம்பி அன்று மத்தியானமே ஊறுகாயோடு தயிர்சாதம் சாப்பிட்டான்.

அம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை. "வைரஸ் இருக்குன்னு சொல்றாங்க, மருந்து இல்லன்னு சொல்றாங்க, இது என்ன வைத்தியம்?" என்கிறார். மோர் டம்ளர் இன்னும் வருகிறது.

#13 வார்டு அக்கா

பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். இழை முழுவதும் படித்தேன். எல்லோரும் தம்பியைப் பற்றியே பேசுகிறீர்கள். கதிர், உங்கள் அம்மாவுக்கு ஹெச்பிஎஸ்ஏஜி பார்த்தீர்களா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய வயதில் தொற்றினால் பெரும்பாலும் போய்விடும் என்று லேப் ஐயா சொன்னார். பிறக்கும்போது தொற்றினால் தலைகீழ், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். 27 வயதில் எந்தத் தொந்தரவும் இல்லாத கேரியர் என்றால், எங்களுக்கு முதலில் தோன்றுவது அம்மாவிடமிருந்து வந்திருக்குமோ என்பதுதான். உங்கள் தம்பி பிறந்தபோது அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இது கிடையாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பி உட்பட ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசி வந்ததே 2011 டிசம்பரில்தான்.

இப்போது எங்கள் வார்டில் குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் தொடையில் பி ஊசி. அம்மா பாசிட்டிவ் என்றால் இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள எதிர்ப்புப் புரதம்) சேர்த்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். அந்த ஊசி மருந்துக்காக ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டோர் சாவி தேடி ஓடியிருக்கிறேன். அம்மாவுக்கு வைரல் லோடு அதிகமாக இருந்தால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் டெனோஃபோவிரும் கொடுக்கிறோம்.

உங்களுக்கும் பாருங்கள். நெகட்டிவ் என்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி.

#14 கரூர் கதிர்

அம்மாவுக்கு 56 வயது. காய்ச்சல் என்று படுத்து நாங்கள் பார்த்ததே இல்லை. சரி, நாளை அழைத்துப் போகிறேன்.

#15 தேங்காய்பட்டணம்

கதிர், என்ன ஆயிற்று? இரண்டு வாரமாகச் சத்தமே இல்லை.

#16 கரூர் கதிர்

எழுத மனம் வரவில்லை.

எனக்கு நெகட்டிவ், முதல் ஊசி போட்டாகிவிட்டது. அம்மாவுக்குப் பாசிட்டிவ். எஸ்ஜிபிடி 61, வைரல் லோடு லட்சக்கணக்கில். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 12-க்கு மேல். கல்லீரலில் தழும்பு நன்றாகவே விழுந்துவிட்டது என்றார்கள். டெனோஃபோவிர் தினமும் ஒன்று, எத்தனை வருடம் என்று இப்போது சொல்ல முடியாது, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் மாத்திரை இலவசம், அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "அப்ப நான்தான் அவனுக்குக் குடுத்தேனா?" என்று கேட்டார். தம்பி உள்ளேயிருந்து, "நீ எதுதான் குடுக்கல, மோர் வரைக்கும்" என்றான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகை.

#17 வார்டு அக்கா

அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்கும் யாரிடமிருந்தோ வந்ததுதான், அநேகமாகப் பாட்டியிடமிருந்து. அந்தக் காலத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பரிசோதனையே இல்லை, தெரிந்திருந்தாலும் போட ஊசி இல்லை. 12-க்கு மேல் என்பது லேசான எண் இல்லைதான், ஆனாலும் மனம் தளர வேண்டாம். மருந்தை ஒழுங்காக எடுத்தால் தழும்பு குறைவதைக் கூடப் பார்த்திருக்கிறார்கள்.

#18 சித்தன்போக்கு

கதிர், அம்மா தானும் கீழாநெல்லி எடுக்கிறாரா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தழும்பு விழுந்த கல்லீரலுக்கு என்னிடம் வந்தாலும் டெனோஃபோவிரை நிறுத்தச் சொல்ல மாட்டேன். எனக்கும் நாச்சியாருக்கும் உள்ள வழக்கு அப்படியே இருக்கிறது, ஒரே வயலில் விளைந்த, அளந்து தரப்படுத்திய அமாரஸை வைத்து ஒருவர் ஒழுங்காகச் செய்யும்வரை நான் விடப்போவதில்லை. அதற்கு உங்கள் அம்மா காத்திருக்க வேண்டியதில்லை.

#19 நுண்ணுயிரி நாச்சியார்

அந்த ஆய்வை யாராவது தொடங்கினால் வெற்று மருந்துக் கூட்டத்தை எண்ணும் வேலை என்னுடையது அண்ணா. 37-க்கு 23 ஆக விடமாட்டேன்.

#20 கரூர் கதிர்

அம்மா இப்போது மாத்திரை எடுக்கிறார். மோர் டம்ளர் நின்றுவிட்டது, தொட்டிச் செடியைப் பிடுங்க மட்டும் விடவில்லை.

ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். அவருக்கு ஒரு அக்கா, இரண்டு தம்பிகள். எல்லோரும் திண்டுக்கல் பக்கம். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அவர்களும் பார்க்க வேண்டுமா?

#21 வார்டு அக்கா

நால்வருக்கும் அம்மா, அதாவது உங்கள் பாட்டி, ஒருவர்தானே. பார்க்க வேண்டும். அக்காவின் பிள்ளைகளும் 2011-க்கு முன் பிறந்தவர்கள் என்றால் அவர்களையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளட்டும்.

#22 கரூர் கதிர்

பெரியம்மாவோடு போனில் பேசிவிட்டேன். வியாழக்கிழமை போகிறார்கள். ஏழு பேர், வேன் பிடித்திருக்கிறார்களாம்.